இரண்டு புள்ளிகளின் பொருள்: நோர்வேயில் படிக்கும் எமது பிள்ளைகளுக்கு விகிதத்தை விளக்குவது எப்படி?

ஸ்ட்ரோம்மன், லோரென்ஸ்கூக், ஒஸ்லோ என்று இந்தப் பகுதியில் வாழும் தமிழ் வீடுகளில் பிள்ளை ஏழாம் எட்டாம் வகுப்புக்கு வரும்போது கணக்குப் பாடத்தில் ஒரு சிறு சிக்கல் எழுவதுண்டு. பிள்ளையின் புத்தகத்தில் 12 : 4 என்று இருக்கும். இலங்கையில் படித்த அப்பாவோ அம்மாவோ அதைப் பார்த்து, "இது விகிதம். சுருக்கினால் 3 : 1" என்பார். "இல்லை, விடை 3" என்று பிள்ளை சொல்லும். இருவரும் தத்தம் பக்கத்தில் உறுதியாக நிற்பார்கள். இப்படி இரண்டு மூன்று தடவை நடந்தால், "உங்களுக்கு இங்கத்தைக் கணக்குத் தெரியாது" என்று பிள்ளை கேட்பதையே விட்டுவிடும்.

உண்மையில் இருவர் சொல்வதும் சரிதான். அந்த இரண்டு புள்ளிகளுக்கும் நாம் படித்த நாட்டில் ஒரு வேலை, இங்கே இன்னொரு வேலை. அதைப் புரிந்துகொண்டால் வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுப்பது எளிதாகும். அதோடு, விகிதம் என்றால் என்ன என்பதும் எமக்கே இன்னும் தெளிவாகும்.

குறி வேறு, பொருள் ஒன்று

இலங்கையிலும் இந்தியாவிலும் நாம் வகுத்தலுக்கு ÷ என்ற குறியையும், விகிதத்துக்கு இரண்டு புள்ளிகளையும் பயன்படுத்தினோம். நோர்வேயில் வகுத்தற்குறியே இரண்டு புள்ளிகள்தான். வகுத்தலுக்கு இந்தக் குறியைப் பரவச் செய்தவர் ஜேர்மனியக் கணித அறிஞர் லைப்னிட்ஸ். 1684 இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில் அது வருகிறது. ஐரோப்பாவின் பல நாடுகள் அவர் வழியைப் பின்பற்றின. எமக்குப் பழக்கமான ÷ குறி 1659 இல் சுவிட்சர்லாந்தின் யோஹான் ரான் எழுதிய இயற்கணித நூலில் வகுத்தலுக்குப் பயன்பட்டு, பின்னர் இங்கிலாந்து வழியாக எம்மிடம் வந்தது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நோர்வேயிலும் டென்மார்க்கிலும் ÷ குறியைக் கழித்தலுக்குப் பயன்படுத்தும் வழக்கம் இருந்தது. ஆகவே நாம் 12 ÷ 4 என்று எழுதினால், வயதான ஒரு நோர்வேஜியர் அதைப் பன்னிரண்டிலிருந்து நான்கைக் கழிப்பதாக வாசித்து, விடை 8 என்று சொல்லக்கூடும். பிள்ளையின் கொப்பியில் உதவி செய்யும்போது ÷ குறியைத் தவிர்ப்பது நல்லது.

இங்கே விகிதத்தை 'ஃபொர்ஹோல்' என்பார்கள். 12 க்கும் 4 க்கும் உள்ள ஃபொர்ஹோல் என்ன என்று கேட்டால், 12 : 4 = 3 என்று ஒரே எண்ணாகச் சொல்வது இங்குள்ள வழக்கம். "முதலாவது இரண்டாவதைப் போல மூன்று மடங்கு" என்பது அதன் பொருள். நாம் சொல்லும் 3 : 1 என்பதன் பொருளும் அதுவே: "இங்கே மூன்று பங்கு என்றால் அங்கே ஒரு பங்கு". ஆக, ஒரு விகிதத்தைப் பின்னமாகவும் எழுதலாம், வகுத்து ஒரே எண்ணாகவும் சொல்லலாம். 6 : 8 என்பதை நாம் 3 : 4 என்போம். பிள்ளை 3/4 என்றோ 0,75 என்றோ எழுதும். இங்கு தசமத்துக்குப் புள்ளி அல்ல, காற்புள்ளி இடுவார்கள் என்பதையும் நினைவில் வைப்போம்.

விகிதம் எதைச் சொல்கிறது?

இரண்டு அளவுகளை ஒப்பிட இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, எவ்வளவு கூட என்று பார்ப்பது. மற்றது, எத்தனை மடங்கு என்று பார்ப்பது. விகிதம் இரண்டாவதைத்தான் சொல்கிறது. பிள்ளைகள் தடுமாறும் முதல் இடமும் இதுதான். 2 : 3 என்ற விகிதத்தைப் பெரிதாக்கச் சொன்னால், இரண்டு பக்கமும் 2 ஐக் கூட்டி 4 : 5 என்று எழுதும் பிள்ளைகள் பலர்.

இதை விளக்க எமது சமையலறையை விட நல்ல இடம் இல்லை. தோசைக்கு ஒரு சுண்டு உளுந்துக்கு இரண்டு சுண்டு அரிசி போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். விருந்தினர் வருகிறார்கள். உளுந்தை ஒரு சுண்டு கூட்டி இரண்டாக்கினோம். அரிசியையும் ஒரே ஒரு சுண்டு கூட்டி மூன்றாக்கினால் அதே தோசை வருமா? வராது. அரிசி நான்கு சுண்டாக வேண்டும். 1 : 2, 2 : 4, 3 : 6, 4 : 8. இந்த வரிசையில் வித்தியாசம் 1, 2, 3, 4 என்று மாறிக்கொண்டே போகிறது. ஆனால் அரிசி எப்போதும் உளுந்தைப் போல இரண்டு மடங்கு. மாறாமல் நிற்கும் அந்த 'இரண்டு மடங்கு' தான் விகிதம்.

ஒரே எண்ணால் இரண்டு பக்கத்தையும் பெருக்கினாலோ வகுத்தாலோ விகிதம் மாறாது. ஒரே எண்ணைக் கூட்டினாலோ கழித்தாலோ பொதுவாக மாறிவிடும். இந்த அத்தியாயம் முழுவதும் இந்த ஒரு விதியில்தான் நிற்கிறது.

சுண்டு என்ற அளவு இன்னொன்றையும் காட்டுகிறது. சுண்டுக்குப் பதிலாகத் தேநீர்க் கோப்பையால் அளந்தாலும் தோசை மாறாது. இரண்டையும் ஒரே பாத்திரத்தால் அளந்தால் போதும். அதனால்தான் விகிதத்துக்கு அலகு இல்லை.

பங்கும் முழுமையும்

இரண்டாவது தடுமாற்றம் சாஃப்ட் போத்தலில் இருக்கிறது. நோர்வே வீடுகளில் பழச்சாற்றுப் பாகைத் தண்ணீரில் கலந்து குடிப்பார்கள். போத்தலில் 1 + 4 என்றோ 1 + 9 என்றோ அச்சிட்டிருக்கும். 1 + 4 என்றால் ஒரு பங்கு பாகு, நான்கு பங்கு தண்ணீர். விகிதமாக எழுதினால் 1 : 4.

இப்போது பிள்ளையிடம் கேளுங்கள்: "இரண்டு லீற்றர் பானம் வேண்டும். பாகு எவ்வளவு?" பல பிள்ளைகள் 1 : 4 ஐக் கண்டவுடன் நாலில் ஒன்று என்று நினைத்து 5 டெசிலீற்றர் என்பார்கள். அது பிழை. பாகு தண்ணீரின் நாலில் ஒன்று. முழுப் பானத்தின் ஐந்தில் ஒன்று. மொத்தப் பங்குகள் 1 + 4 = 5. இரண்டு லீற்றர் என்பது 20 டெசிலீற்றர். ஒரு பங்கு 20 : 5 = 4. ஆகவே பாகு 4 டெசிலீற்றர், தண்ணீர் 16 டெசிலீற்றர்.

போத்தலில் உள்ள கூட்டல் குறி இதற்கு நல்ல துணை. "பங்குகளை முதலில் கூட்டு" என்று அதுவே சொல்லித் தருகிறது. விகிதத்தைக் கண்டவுடன், "இது பங்குக்கும் பங்குக்குமா, பங்குக்கும் முழுமைக்குமா?" என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பிழைகள் மறைந்துவிடும்.

வரிசையும் முக்கியம். பாகுக்கும் தண்ணீருக்கும் 1 : 4 என்றால், தண்ணீருக்கும் பாகுக்கும் 4 : 1. கேள்வியில் எது முதலில் சொல்லப்பட்டதோ அதன் எண்தான் முதலில் வரவேண்டும்.

சுருக்குதல்: நோர்வேக் கொடியில் ஒரு பாடம்

நாம் 'சுருக்குக' என்று படித்ததை இங்கே 'ஃபொர்கோர்டெ' என்பார்கள். அந்தச் சொல்லின் நேர்ப்பொருளும் சுருக்குவது, குறுக்குவது என்பதே. பின்னத்துக்குப் பயன்படுத்தும் அதே சொல்தான் விகிதத்துக்கும். பிள்ளையிடம் இதைச் சொன்னால், அது புதிய பாடமல்ல, ஏற்கெனவே தெரிந்ததுதான் என்று பிள்ளைக்கு விளங்கும்.

மே 17 அன்று எல்லார் கையிலும் இருக்கும் நோர்வேக் கொடியை எடுத்துக்கொள்வோம். கொடியின் வடிவம் 1821 இல் உருவானது. 1898 ஆம் ஆண்டின் கொடிச் சட்டத்துக்குரிய கொடியில் நீளமும் அகலமும் 22 : 16. இதைச் சுருக்குவோம்.

22 இன் காரணிகள் 1, 2, 11, 22. 16 இன் காரணிகள் 1, 2, 4, 8, 16. பொதுக் காரணிகளுட் பெரியது 2. இரண்டு பக்கத்தையும் 2 ஆல் வகுத்தால் 11 : 8. இதற்கு மேல் 1 ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லை. ஆகவே இதுவே எளிய வடிவம்.

சுருக்குவதால் என்ன பயன்? ஒப்பிடலாம். 110 சென்ரிமீற்றர் நீளமும் 80 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள ஒரு கொடி சரியான வடிவில் இருக்கிறதா? 110 : 80 ஐ 10 ஆல் வகுத்தால் 11 : 8. சரி. 150 க்கு 100 என்று வெட்டினால்? 50 ஆல் வகுக்க 3 : 2 வருகிறது. அது இந்தியக் கொடியின் அளவு விகிதம், நோர்வேக் கொடியினது அல்ல. குறுக்குப் பெருக்கத்தாலும் சரிபார்க்கலாம்: 11 × 100 = 1100, 8 × 150 = 1200. இரண்டும் சமமில்லை, எனவே விகிதங்களும் சமமில்லை.

பிறகு ஏன் 11 : 8 என்று சொல்லாமல் 22 : 16 என்கிறார்கள்? கொடியின் உள்ளே பார்த்தால் தெரியும். மேலிருந்து கீழாகச் சிவப்பு, வெள்ளை, நீலம், வெள்ளை, சிவப்பு என்ற வரிசையில் அளவுகள் 6 : 1 : 2 : 1 : 6. கூட்டினால் 16. கம்பத்திலிருந்து வெளிப்பக்கமாக 6 : 1 : 2 : 1 : 12. கூட்டினால் 22. மிக ஒடுக்கமான வெள்ளைக் கோடு ஒரு பங்கு. அதையும் முழு எண்ணாகச் சொல்லவேண்டுமானால் மொத்தம் 22 உம் 16 உமாக இருக்கவேண்டும். 11 உம் 8 உமாக்கினால் வெள்ளைக் கோடு அரைப் பங்காகிவிடும். ஒரு கட்டத்தாளில் 22 கட்டம் நீளம், 16 கட்டம் அகலம் எடுத்துப் பிள்ளையோடு இருந்து வரைந்து பாருங்கள். பத்து நிமிடத்தில் கொடியும் வரும், கணக்கும் விளங்கும்.

இங்கே இன்னொரு விடயத்தையும் கவனிக்கலாம். மூன்று, ஐந்து உறுப்புகள் உள்ள விகிதத்தை வகுத்து ஒரே எண்ணாக்க முடியாது. 8 : 4 : 2 என்பதை வகுத்தல் என்று எண்ணினால், 8 : 4 = 2, பிறகு 2 : 2 = 1. விடை 1. அந்த 1 எதையும் சொல்லாது. விகிதமாகச் சுருக்கினால் 4 : 2 : 1. "விகிதம் என்றால் வகுத்தல்" என்று மட்டும் பழகிய பிள்ளைக்கு நாம் படித்த முறை கைகொடுக்கும் இடம் இது. ஊரில் கொங்கிறீற் போடுபவர்கள் சீமெந்து, மணல், கல் 1 : 2 : 4 என்று சொல்வதை எம்மில் பலர் கேட்டிருப்போம். அதையும் பிள்ளைக்குச் சொல்லலாம்.

பெரிய எண்கள் வந்தால்

84 : 126 ஐச் சுருக்கச் சொன்னால் பிள்ளை பயப்படலாம். ஒரே அடியில் சுருக்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இரண்டும் இரட்டை எண்கள். 2 ஆல் வகுக்க 42 : 63. 3 ஆல் வகுக்க 14 : 21. 7 ஆல் வகுக்க 2 : 3. படிப்படியாக வந்தாலும் விடை அதேதான்.

விரைவாகச் செய்ய ஒரு பழைய வழி உண்டு. இரண்டு எண்களையும் வகுக்கும் எண், அவற்றின் வித்தியாசத்தையும் வகுக்கும். 126 இலிருந்து 84 போனால் 42. அந்த 42 ஆல் 84 மீதியின்றி வகுபடுகிறது. எனவே பொதுக் காரணிகளுட் பெரியது 42. வகுத்தால் நேரே 2 : 3. வகுபடாவிட்டால் மீண்டும் சிறியதைப் பெரியதிலிருந்து கழித்துக்கொண்டே போகலாம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக யூக்ளிட்டின் பெயரில் வழங்கிவரும் முறை இது.

அலகும் தசமமும்

50 சென்ரிமீற்றருக்கும் 2 மீற்றருக்கும் என்ன விகிதம்? 50 : 2 என்று எழுதி 25 : 1 என்று சுருக்கினால், அரை மீற்றர் தடி இரண்டு மீற்றர் தடியைப் போல 25 மடங்கு நீளம் என்றாகிவிடும். முதலில் அலகை ஒன்றாக்கவேண்டும். 50 : 200 = 1 : 4. நேரத்திலும் அப்படியே. 45 நிமிடத்துக்கும் ஒன்றரை மணித்தியாலத்துக்கும் 45 : 90 = 1 : 2.

தசமமோ பின்னமோ வந்தால், முதலில் பெருக்கி முழு எண்ணாக்கிவிட்டுப் பிறகு சுருக்கலாம். 1.5 : 2 ஐ 10 ஆல் பெருக்க 15 : 20. 5 ஆல் வகுக்க 3 : 4. அரைக்கும் முக்காலுக்கும் உள்ள விகிதத்தை 4 ஆல் பெருக்க 2 : 3.

ஸ்ட்ரோம்மன் பிள்ளைகளுக்கு இதற்கு ஊர் உதாரணமே இருக்கிறது. நோர்வேயின் முதல் பொது இரயில் பாதை 1854 இல் ஒஸ்லோவிலிருந்து எய்ட்ஸ்வோலுக்குப் போடப்பட்டது. அது ஸ்ட்ரோம்மன் ஊடாகவே போகிறது. 1873 இல் இங்கே தொடங்கிய தொழிற்சாலை பல தலைமுறைகளாக இரயில் பெட்டிகளைச் செய்தது. தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 1435 மில்லிமீற்றர். பிள்ளைகள் விளையாடும் பெயர்பெற்ற மாதிரி இரயில் வகையொன்றின் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீற்றர். 16.5 : 1435 ஐ 10 ஆல் பெருக்க 165 : 14350. 5 ஆல் வகுக்க 33 : 2870. இப்போது 2870 ஐ 33 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 87. அந்த மாதிரி இரயில் பெட்டியில் 1 : 87 என்று அச்சிட்டிருப்பதும் அதுதான்.

இப்படி ஒரு பக்கத்தை 1 ஆக்கி எழுதும் விகிதத்தை இங்கே 'மோலெஸ்டொக்' என்பார்கள். நாம் அளவிடை என்று படித்தது. நடைப்பயணத்துக்குக் கொண்டுபோகும் 1 : 50 000 வரைபடத்தில் 1 சென்ரிமீற்றர் என்பது தரையில் 50 000 சென்ரிமீற்றர், அதாவது 500 மீற்றர். வரைபடத்தில் 7 சென்ரிமீற்றர் தூரம் இருந்தால் நடக்கவேண்டியது மூன்றரைக் கிலோமீற்றர்.

பிரித்துக் கொடுத்தல்

மூன்று குடும்பங்கள் சேர்ந்து வார இறுதிக்கு ஒரு மலைவீட்டை 6000 குறோணருக்கு வாடகைக்கு எடுக்கின்றன. முதல் குடும்பத்தில் 4 பேர், அடுத்ததில் 6 பேர், கடைசியில் 2 பேர். ஆளுக்கேற்பப் பிரிப்பதென்றால் 4 : 6 : 2. சுருக்கினால் 2 : 3 : 1. மொத்தம் 6 பங்கு. ஒரு பங்கு 1000 குறோணர். ஆகவே 2000, 3000, 1000. கடைசியில் மூன்றையும் கூட்டினால் 6000 வரவேண்டும். இந்தச் சரிபார்ப்பையும் பிள்ளைக்குப் பழக்கிவிடுங்கள்.

ஏன் இதில் கவனம் வேண்டும்?

ஏழாம் வகுப்பு வரை இங்கே புள்ளி போடுவதில்லை. எட்டாம் வகுப்பில் புள்ளி வரத் தொடங்கும்போதுதான் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பல பெற்றோருக்குத் தெரியவருகிறது. அந்த மூன்று ஆண்டுகளிலும் வரும் சதவீதம், வேகம், நிகழ்தகவு, வடிவொத்த முக்கோணிகள், நேர்கோட்டின் சாய்வு எல்லாவற்றுக்கும் அடியில் விகிதம் இருக்கிறது. இது விளங்காத பிள்ளை ஒவ்வொன்றையும் தனித்தனிச் சூத்திரமாகப் பாடமாக்க முயன்று களைத்துப்போகும்.

பெற்றோருக்கு நோர்வேஜிய மொழியில் கணக்குச் சொல்லிக்கொடுக்க முடியவில்லையே என்ற தயக்கம் வேண்டியதில்லை. விகிதம், சுருக்குதல், பங்கு, மடங்கு என்ற சொற்களைத் தமிழில் சொல்லுங்கள். அவற்றுக்குரிய நோர்வேஜியச் சொற்களைப் பிள்ளை உங்களுக்குச் சொல்லட்டும். "உன்ரை ரீச்சர் சொல்வது பிழை" என்றோ "எங்கள் முறைதான் சரி" என்றோ சொல்லாமல், "நீ 3 என்கிறாய், நான் 3 : 1 என்கிறேன். இரண்டும் ஏன் ஒன்று?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு விகிதம் விளங்கிவிட்டது என்று நம்பலாம்.

வீட்டில் செய்து பார்க்க

1. 36 : 48 ஐச் சுருக்குக.
2. 750 கிராமுக்கும் 2 கிலோகிராமுக்கும் உள்ள விகிதம் என்ன?
3. போத்தலில் 1 + 9 என்று இருக்கிறது. 3 லீற்றர் பானத்துக்குப் பாகு எவ்வளவு?
4. கொடி 55 சென்ரிமீற்றர் நீளம். 11 : 8 ஆக இருக்க அகலம் எவ்வளவு?
5. 10 : 15 உம் 12 : 17 உம் சமமான விகிதங்களா?

விடைகள்: (1) 3 : 4. (2) 750 : 2000, அதாவது 3 : 8. (3) 10 பங்கில் ஒரு பங்கு, 3 டெசிலீற்றர். (4) 55 என்பது 11 இன் 5 மடங்கு. 8 × 5 = 40 சென்ரிமீற்றர். (5) இல்லை. 10 × 17 = 170, 15 × 12 = 180. இரண்டு பக்கமும் 2 ஐக் கூட்டியிருக்கிறது, பெருக்கவில்லை.

ஐந்தாவது கேள்வியில் பிள்ளை "ஆம்" என்று சொன்னால் கோபிக்க வேண்டாம். தோசை மாவுக்குத் திரும்பிப் போங்கள். உளுந்தையும் அரிசியையும் பிள்ளையின் கையாலேயே அளக்க விடுங்கள்.